கோடி ரூபாய்க் கார்: செருக வீட்டில் பிளக் உண்டா?

குளத்தூர் பெரிய பட்டணம் அல்ல. புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூர் பக்கம் இருக்கும் ஊர். தாலுகாவுக்குப் பெயர் குளத்தூர். தாலுகா ஆபீஸ் இருப்பதோ கீரனூரில்! ஒரு காலத்தில் இது தனிப் பாளையம். தொண்டைமான் குடும்பத்தின் ஒரு கிளை இங்கே ஆண்டது. பல்லக்கு போன தெருவில் பிறகு வில்வண்டி போயிற்று. வில்வண்டி போன தெருவில் பஸ் வந்தது. இன்று வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. வானம் பார்த்த பூமிதான். ஆனாலும் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் உழைத்து அனுப்பும் பணத்தில் மாடி வீடுகள் எழுந்திருக்கின்றன.

மாடி எழுந்தால் அடுத்தது என்ன? கார்!

அப்படி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். மூத்த மகன் பதினைந்து ஆண்டு சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பிவிட்டார். அங்கே இருந்தவரை பஸ்ஸிலும் ரயிலிலுமே போய் வந்தார். வேறு வழியில்லை. சிங்கப்பூரில் காரின் விலை ஒருபுறம் இருக்கட்டும். கார் வைத்துக்கொள்ள அரசாங்கம் ஏலத்தில் விடும் அனுமதிச் சான்றுக்கே லட்சம் வெள்ளிக்கு மேல் போன ஆண்டுகள் உண்டு. பதினைந்து ஆண்டு அந்தக் கார்களைக் கண்ணால் மட்டும் பார்த்தவர் அவர். மின்சாரத்திலும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும் சின்னச் சொகுசுக் கார்கள் வாடகை மாடிகளின் அடியில் வரிசையாக நிற்கும். இரவில் அவற்றைச் சுவரில் செருகி வைத்திருப்பார்கள். அப்படி ஒன்றை வாங்கிக் குளத்தூரில் நிறுத்த வேண்டும் என்பது அவருடைய ஆசை.

"அப்பா, இது சாதாரணக் கார் இல்லை. ராத்திரி செருகிவிட்டால் காலையில் கரண்டிலேயே திருச்சிக்குப் போகலாம். கரண்ட் தீர்ந்தால் பெட்ரோல்!"

"அப்போ இரண்டு காருக்கும் சேர்த்துப் பணம் கேட்பானேப்பா?"

தகப்பனார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவராக இருக்கலாம். ஆனால் விஷயத்தின் கழுத்தைப் பிடித்துவிட்டார்.

இரண்டு எஞ்சின், ஒரு கார்

முதலில் இந்தக் கார் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும். கடைக்காரர் சொல்லும்போது தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து விழிப்பவர்கள் அதிகம்.

காரில் பெட்ரோல் எஞ்சின் இருக்கிறது. கூடவே ஒரு மின்சார மோட்டாரும் பெரிய பேட்டரியும் இருக்கின்றன. இந்த இரண்டும் சேர்ந்ததற்கு ஹைபிரிட் என்று பெயர். ஹைபிரிட்டில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, தானே சார்ஜ் ஏற்றிக்கொள்வது. பிரேக் போடும்போது சக்கரம் மோட்டாரைச் சுழற்றும். மோட்டார் மின்சாரம் உண்டாக்கும். அது பேட்டரிக்குப் போகும். சைக்கிள் டைனமோவை நினைத்துக்கொண்டால் போதும். சக்கரம் சுற்றினால் விளக்கு எரியும், மிதிப்பவருக்குக் கால் கனக்கும். அதே வேலைதான். டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ், ஹோண்டா சிட்டி ஹைபிரிட், மாருதி கிராண்ட் விட்டாரா எல்லாம் இந்த ஜாதி. மூன்றும் இந்தியாவில் 2022-ல் வந்தவை. இவற்றுக்கு வீட்டுப் பிளக் வேண்டாம்.

இன்னொரு ஜாதிதான் பிளக்-இன் ஹைபிரிட். இதன் பேட்டரி பெரியது. இதைச் சுவரில் செருகி மின்சாரம் ஏற்ற வேண்டும். ஏற்றினால் ஐம்பது கிலோமீட்டர் போலப் பெட்ரோலே செலவாகாமல் ஓடும். அதற்குப் பிறகு பெட்ரோல் எஞ்சின் எழுந்து வேலைக்கு வரும்.

இதெல்லாம் நேற்று வந்த அதிசயம் என்று நினைக்க வேண்டாம். 1900-லேயே வியன்னாவில் லோனர் என்ற நிறுவனத்துக்காகப் பெர்டினாண்ட் போர்ஷே என்ற வாலிபர், பெட்ரோல் எஞ்சினால் மின்சாரம் உண்டாக்கி, அந்த மின்சாரத்தால் சக்கரத்தைச் சுற்றும் வண்டி செய்து காட்டினார். திருச்சி பொன்மலையில் பராமரிக்கப்பட்ட டீசல் ரயில் எஞ்சின்களும் அந்தத் தத்துவம்தான். டீசல் நேராகச் சக்கரத்தைச் சுற்றாது. டீசல் மின்சாரம் உண்டாக்கும், மின்சாரம் சக்கரத்தைச் சுற்றும். புதுக்கோட்டை ரயிலில் ஏறி உட்கார்ந்த எத்தனையோ பேர், தெரியாமலே மின்சார மோட்டாரால் இழுக்கப்பட்டவர்கள்!

கரி பஸ் ஓடிய காலம்

இன்னொன்றையும் இந்தப் பக்கத்து ஜனங்கள் மறந்துவிட்டார்கள். இரண்டு எரிபொருளில் வண்டி ஓட்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிதே அல்ல.

1912-ல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். மாட்டு வண்டியில் ஒரு நாள் குலுங்கிப் போன தூரம் அது. சமஸ்தானத்து ஜனங்கள் வாய் பிளந்து பார்த்திருப்பார்கள். பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோல் பஞ்சம் வந்தது. கூப்பன் இல்லாமல் பெட்ரோல் இல்லை. பஸ்களை நிறுத்திவிடுவதா? அய்யங்காரின் நிறுவனம் கரிவாயு அடுப்புகள் செய்து விற்றது. பஸ்ஸின் பின்னால் ஓர் உயரமான தகர உருளை. அதில் மரக்கரி போட்டு மூட்டினால் எரியும் வாயு வரும். அந்த வாயுவில் எஞ்சின் ஓடும். கிளப்புவதற்குக் கொஞ்சம் பெட்ரோல். கிளம்பிய பிறகு கரி. மேட்டில் மூச்சு வாங்கும். கிளீனர் இறங்கி அடுப்பைக் குத்திவிடுவான். இருந்தாலும் பஸ் ஊர் போய்ச் சேர்ந்தது.

கரி பஸ்ஸை யாரும் கௌரவத்துக்காக வைத்துக்கொள்ளவில்லை. பெட்ரோல் கிடைக்கவில்லை, ஜனங்கள் போக வேண்டும், அதனால் வைத்தார்கள். இன்று இரட்டை எஞ்சின் கார் வாங்கப் போகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியதும் அதுதான். தேவை என்ன? தூரம் எவ்வளவு?

தூரமும் பேட்டரியும்

கீரனூரிலிருந்து திருச்சி ஏறக்குறைய 30 கிலோமீட்டர். புதுக்கோட்டையும் அதே அளவுதான். இந்தத் தாலுகாக்காரர் ஒருவருடைய வாழ்க்கைத் தேவைகளில் முக்கால் பங்கு இந்த இரண்டு ஊருக்குள் அடங்கிவிடும். ஆஸ்பத்திரி, கல்லூரி, நகைக்கடை, கல்யாண ஜவுளி, ஆகாய விமானம் எல்லாம் திருச்சி. கலெக்டர் ஆபீஸ், கோர்ட்டு எல்லாம் புதுக்கோட்டை.

இப்போது ஐரோப்பாவில் பெயர் எடுத்த ஒரு சின்னச் சொகுசுக் காரைப் பார்ப்போம். பி.எம்.டபிள்யூ 330இ. 2019-ல் விற்பனைக்கு வந்த மாதிரியின் பேட்டரி 12 யூனிட் கொள்ளும். சோதனைச் சாலைக் கணக்கில் அறுபது கிலோமீட்டர் போல மின்சாரத்தில் ஓடும். ஏர்கண்டிஷன் போட்டு, சித்திரை வெயிலில், லாரிகளுக்கு நடுவே ஓட்டினால் நாற்பது என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அதாவது திருச்சிக்குக் கரண்டில் போகலாம். திரும்பும்போது வழியில் பெட்ரோல் எஞ்சின் விழித்துக்கொள்ளும். மோசமில்லை. யோசனை என்ற அளவில் குளத்தூருக்குப் பொருத்தமான யோசனைதான் இது. தினசரி ஓட்டம் மின்சாரத்தில்; சென்னைக்குப் போகும் 350 கிலோமீட்டர் நாளில் பெட்ரோலில். நடுவழியில் சார்ஜ் தேடி அலைய வேண்டாம்.

ஆனால் அந்தக் கார் எங்கே கிடைக்கும்? இதுதான் வேடிக்கை. பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2007 முதல் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா சிட்டியில் தொழிற்சாலை நடத்துகிறது. இதே 3 வரிசைக் கார்களைத் தமிழ்நாட்டுத் தொழிலாளிகளே பூட்டி அனுப்புகிறார்கள். ஆனால் இங்கே பூட்டி விற்றவை பெட்ரோல், டீசல் மாதிரிகள். செருகும் மாதிரி சீமையோடு நின்றுவிட்டது.

இந்தியாவுக்கு வந்த செருகும் கார்கள் எப்படிப்பட்டவை? 2015-ல் பி.எம்.டபிள்யூ ஐ8 வந்தது. விலை 2 கோடியே 29 லட்சம் ரூபாய். கதவு கழுகின் இறக்கை போல மேலே திறக்கும். 2016-ல் வால்வோ எக்ஸ்.சி.90 வந்தது. விலை 1 கோடியே 25 லட்சம். நல்ல வண்டி; ஆனால் அது ஜீப் மாதிரிப் பெரிய கார். சின்னச் சொகுசு செடான் என்று தேடினால், 2024 நவம்பரில் மெர்சிடிஸ்-பென்ஸ் கொண்டுவந்த ஏ.எம்.ஜி. சி 63 அகப்படும். அறிமுக விலை 1 கோடியே 95 லட்சம். 680 குதிரை சக்தி. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட நாலு வினாடி கூட வேண்டாம்.

மின்சாரத்தில் மட்டும் எவ்வளவு தூரம் ஓடும் தெரியுமா? 13 கிலோமீட்டர்!

கீரனூரில் கிளம்பினால் திருச்சிக்குப் பாதி வழி கூடக் காணாது. அந்தக் காரில் பேட்டரி இருப்பது பெட்ரோலை மிச்சம் பிடிக்க அல்ல, பாய்ச்சலுக்கு. பந்தய மாட்டுக்குக் கொடுக்கும் பருத்திக்கொட்டை மாதிரி. அதைச் செய்தவர்கள் அதை மறைக்கவும் இல்லை. "செருகும் கார், சிக்கனக் கார்" என்று கேட்டவுடன் நினைத்துக்கொண்டு போகிறவர்தான் ஏமாறுவார்.

வரியின் விசித்திரம்

விலையோடு முடிந்ததா? இல்லை.

2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. வரியை மாற்றினார்கள். சின்னக் கார்களுக்கு 18 சதவீதம். பெரிய கார்களுக்கு 40 சதவீதம். மின்சாரத்தில் மட்டும் ஓடும் காருக்கு 5 சதவீதம்தான். பிளக்-இன் ஹைபிரிட் எந்தப் பந்தியில் உட்காரும்? மின்சாரப் பந்தியில் அதற்கு இலை போடவில்லை. பெட்ரோல் கார்களோடு உட்கார்த்திவிட்டார்கள். நீளமும் எஞ்சினும் சின்னக் கார் அளவைத் தாண்டினால் 40 சதவீதம்.

அதற்கு மேல் சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புதிய காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். மின்சாரக் காருக்கோ தமிழ்நாடு அரசு பல ஆண்டுகளாகச் சாலை வரி விலக்கு அளித்து வந்திருக்கிறது. கோடியே தொண்ணூற்றைந்து லட்சத்துக்கு 20 சதவீதம் போட்டுப் பாருங்கள். 39 லட்சம்! ஊரில் ஒரு நல்ல வீடே கட்டிவிடலாம்.

இது நியாயமா? 13 கிலோமீட்டர் ஓடும் பந்தயக் காருக்குச் சலுகை கொடுக்காதது நியாயம்தான். அதில் யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் தினசரி 40, 50 கிலோமீட்டர் மின்சாரத்திலேயே ஓடக்கூடிய குடும்பக் காரையும் அதே தட்டில் வைத்து நிறுத்தால், அப்படிப்பட்ட காரை எந்த நிறுவனமும் இங்கே கொண்டுவரத் துணியாது. பணக்காரனுக்கு மட்டும் வரும்; நடுத்தரக் குடும்பத்துக்கு வராது. இதுவரை நடந்திருப்பதும் அதுவே.

உலகத்தில் இது ஆரம்பித்த விதம் வேறு. 2008 டிசம்பரில் சீனாவில் பி.ஒய்.டி. நிறுவனம் எஃப்3டி.எம். என்ற காரை விற்கத் தொடங்கியது. பெருமளவில் செய்து விற்ற முதல் பிளக்-இன் ஹைபிரிட் அதுதான் என்பார்கள். அது சொகுசுக் கார் அல்ல. அலுவலகம் போகும் ஆள் வாங்கும் சாதாரணச் சின்னக் கார். சாதாரண ஆளுக்குப் பிறந்த பிள்ளை நம் ஊருக்கு வரும்போது ஜமீன்தார் வேஷத்தில் வந்து நிற்கிறது!

எத்தனை கிலோமீட்டர் மின்சாரத்தில் ஓடும் என்று அளந்து, அதற்கேற்ப வரியைப் படிப்படியாகக் குறைக்கலாம். 13 கிலோமீட்டருக்கு ஒன்றுமில்லை. 60 கிலோமீட்டருக்குப் பாதிச் சலுகை. இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். மனம் வேண்டும்.

செருகாமல் விட்டவர்கள்

வரிக் குறைப்புக்கு எதிராகப் பேசுகிறவர்கள் ஒரு வலுவான சாட்சியைக் கொண்டுவருவார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஐரோப்பாவில் இந்தக் கார்களுக்குச் சலுகைகளை வாரிக் கொடுத்தார்கள். ஜனங்கள் வாங்கினார்கள். பிறகு கார்களுக்குள் இருக்கும் கணக்குப் பெட்டியையே திறந்து பார்த்தார்கள். 2024-ல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட அறிக்கை என்ன சொல்லிற்று? பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் சாலையில் விடும் புகை, சோதனைக்கூடத்தில் எழுதிக் கொடுத்ததைப் போல மூன்றரை மடங்கு!

காரணம் கார் அல்ல. மனிதன்! செருகவில்லை. அலுப்பு. பெட்ரோல் பங்க் இருக்கும்போது கயிற்றை யார் இழுப்பது என்ற அலுப்பு. பிரிட்டனில் கம்பெனிகள் சலுகை வரிக்காக ஊழியர்களுக்கு இந்தக் கார்களை வாங்கிக் கொடுத்தன. சில கார்கள் திரும்பி வந்தபோது சார்ஜ் ஏற்றும் ஒயர் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் டிக்கியில் கிடந்தது என்று 2018-ல் செய்தி வந்தது. சலுகையை வாங்கிக்கொண்டார்கள், ஒயரை எடுக்கவில்லை.

செருகாமல் ஓட்டினால் நஷ்டம் இரட்டிப்பு. பேட்டரியும் மோட்டாரும் சும்மா உட்கார்ந்து சவாரி செய்யும் பாரம். அதையும் பெட்ரோல் எஞ்சினே சுமக்க வேண்டும். மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை வேலையும் செய்யாமல் வண்டியிலும் ஏறி உட்கார்ந்துகொண்ட கதை.

நேர்மாறான தொல்லையும் உண்டு. சிலர் தினமும் ஒழுங்காகச் செருகுவார்கள். மாதக்கணக்கில் பெட்ரோலே தொட மாட்டார்கள். டாங்கியில் பெட்ரோல் பழசாகிவிடும். அமெரிக்காவில் 2010-ல் வந்த செவர்லே வோல்ட் காரில் இதற்கே ஓர் ஏற்பாடு வைத்தார்கள்; பெட்ரோல் ரொம்ப நாள் கிடந்தால் கார் தானே எஞ்சினை ஓட்டிப் பழைய பெட்ரோலை எரித்துவிடும். கிணற்று எஞ்சினை வாரம் ஒரு முறையாவது ஓட்டி வைக்கும் விவசாயிக்கு இது புரியும்.

வீட்டுக் கணக்கு

இனி தகப்பனார் மொழியில் பேசலாம்.

ஒரு நாளுக்கு 40 கிலோமீட்டர். வருஷத்துக்கு 300 நாள். ஆக 12,000 கிலோமீட்டர். சொகுசுப் பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் 800 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 80,000 ரூபாய்.

இதே ஓட்டம் முழுவதும் மின்சாரத்தில் என்றால், நாளுக்கு 12 யூனிட் வீதம் 3,600 யூனிட். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று எல்லோருக்கும் தெரியும். யூனிட் ஏற ஏற விலையும் படிப்படியாக ஏறும் என்பது பில் வரும்போதுதான் ஞாபகம் வரும். கார் வந்தால் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் கூடும். வீடு மேல்படிக்குப் போய்விடும். அதனால் யூனிட் 9 ரூபாய் என்றே போடலாம். 32,400 ரூபாய்.

மிச்சம் 47,600 ரூபாய். வருஷத்துக்கு.

மேலே சொன்ன 39 லட்ச ரூபாய்ச் சாலை வரியை மட்டும் இந்த மிச்சத்தில் மீட்க எத்தனை ஆண்டு? எண்பதுக்கு மேல்! காரின் விலையை இன்னும் தொடவே இல்லை. பேரன் அல்ல, கொள்ளுப்பேரன் காலத்தில் கணக்கு நேராகும். அதுவரை கார் இருக்காது; பேட்டரி இருக்கவே இருக்காது. ஒரு கோடி ரூபாயை வருஷத்துக்கு 6 சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் 50,000 ரூபாய் உட்கார்ந்த இடத்தில் வரும் என்பதைத் தாய்மார்கள் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

ஆகவே சிக்கனத்துக்காக இந்தச் சொகுசுக் காரை வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். ஆசைக்காக வாங்குகிறேன் என்றால் அது வேறு. பதினைந்து ஆண்டு வெயிலில் உழைத்தவருக்கு ஓர் ஆசை இருக்கக் கூடாதா? இருக்கலாம். அதை ஆசை என்று சொல்லிவிட்டு வாங்கட்டும். தங்கையின் கல்யாணச் சேமிப்பையும் அப்பாவின் கண்மாய்ப் பாசன நிலத்தையும் ஈடு வைத்து வாங்குவது மட்டும் கூடாது. நிலம் திரும்பி வராது. கார் விலை, கடைக் கதவைத் தாண்டியவுடனே குறையத் தொடங்கும்.

இன்னும் சில்லறைச் சங்கதிகள் உண்டு. பேட்டரி இடத்தை அடைக்கும். சாதாரண 3 வரிசைக் காரின் டிக்கி 480 லிட்டர். செருகும் மாதிரியில் 375 லிட்டர். பெட்ரோல் டாங்கியும் 59 லிட்டரிலிருந்து 40 ஆகச் சுருங்கிவிட்டது. அறுவடை முடிந்து நாலு மூட்டை கடலையைப் பட்டணத்து உறவினருக்கு ஏற்றிச் செல்ல நினைப்பவர் அளந்து பார்த்துக்கொள்வது நல்லது. செடான் கார் தாழ்வானது. ஊருக்கு ஊர் கட்டி வைத்திருக்கும் வேகத்தடைகளில் வயிறு உரசும். பழுது வந்தால் பக்கத்து ஒர்க் ஷாப் அண்ணனிடம் விட முடியாது. இந்தக் கார்களில் ஆரஞ்சு நிற ஒயர் ஓடும். அது உயர் அழுத்த மின்சாரம். பழகாதவர் கை வைத்தால் உயிருக்கு ஆபத்து. குழந்தைகளுக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

கஜா சொன்ன பாடம்

இவ்வளவு சொன்ன பிறகும் இரட்டை எஞ்சின் யோசனையை எடுத்தெறிய முடியாது. புதுக்கோட்டை மாவட்டத்துக்காரரால் நிச்சயமாக முடியாது.

2018 நவம்பர் 16. கஜா புயல். வேதாரண்யம் பக்கம் கரையேறி, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை உலுக்கிவிட்டுப் போயிற்று. தென்னை சாய்ந்தது, பலா சாய்ந்தது, முந்திரி சாய்ந்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. பல கிராமங்களில் நாள்கணக்கில் இருட்டு. சில இடங்களில் வாரக்கணக்கில். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர் முன்னால் வரிசை. குடிநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவும் ஜெனரேட்டர். அந்த நாளில் மின்சாரக் கார் மட்டும் வைத்திருப்பவர் என்ன செய்வார்? பிரசவ வலி கண்ட பெண்ணை எதில் ஏற்றுவார்? இரண்டும் உள்ள வண்டி என்றால் கரண்ட் போனாலும் கிளம்பும்.

போரில் பெட்ரோல் நின்றது. கரி பஸ் ஓடிற்று. புயலில் கரண்ட் நின்றது. பெட்ரோல் வண்டிகள் ஓடின. இரண்டு கால் உள்ள வண்டிக்கு மதிப்பு இருக்கிறது. அது 20 லட்சத்துக்குள் வரும் குடும்பக் காராக வந்தால், குளத்தூர் போன்ற ஊருக்குப் பட்டணத்தை விட அதிகம் உதவும். பட்டணத்து அடுக்குமாடியில் நாலாவது மாடிக்காரர் பிளக்குக்கு எங்கே போவார்? கிராமத்தில் வாசலும் சுவரும் சொந்தம். வெயிலும் தாராளம், கூரையில் சூரியத் தகடு போட இடமும் உண்டு.

அப்படிக் கார் வரும்வரை அவசரக்காரருக்கு வழி இல்லாமல் இல்லை. தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் ஹைபிரிட் கோடி ரூபாயில் சிறு பங்குக்குக் கிடைக்கிறது. திருச்சி, புதுக்கோட்டையோடு ஓட்டம் முடிந்துவிடும் குடும்பத்துக்குச் சின்ன மின்சாரக் காரும் பொருந்தும். கஜா மாதிரி ஒரு நாள் வந்தால் வாசலில் நிற்கும் பெட்ரோல் மோட்டார் சைக்கிளோ அண்டை வீட்டு வண்டியோ கை கொடுக்கும். கிராமத்தில் அது இன்னும் நடக்கிற காரியம்தான்.

எந்தச் செருகும் வண்டி வந்தாலும் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பழைய வீட்டு ஒயரிங் ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு டெலிவிஷனுக்குப் போட்டது. கார் ஐந்தாறு மணி நேரம் தொடர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய ஒயர் சுடும், பிளக் உருகும். காருக்கென்று தனி ஒயர், தனி 16 ஆம்பியர் பிளக், கசிவு வந்தால் துண்டித்துவிடும் சுவிட்ச், சரியான எர்த் இவை வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. அப்புறம், கொல்லையில் பம்புசெட் இணைப்பு இலவசமாக இருக்கிறதே, அதில் செருகிக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை சிலருக்கு ஓடும். அது பயிருக்குக் கொடுத்த மின்சாரம். காருக்குத் திருப்பினால் குற்றம், பிடிபட்டால் அபராதம், இணைப்பே போகும்.

கற்பனைக் குடும்பத்துக்குத் திரும்பலாம். மகன் கடைக்காரர் கொடுத்த வழவழப்பான புத்தகத்தைத் திண்ணையில் விரித்து வைத்திருக்கிறார். தகப்பனார் கண்ணாடியைப் போட்டுப் படத்தைப் பார்க்கிறார். பிறகு எழுந்து வாசல் சுவரண்டை போகிறார்.

"தம்பி, இந்தச் சுவத்துல எர்த் கம்பி எங்கேப்பா?"

"அது... வீடு கட்டினப்போ போட்டிருப்பாங்கப்பா."

"போடலை. உப்பும் கரியும் கொட்டிக் குழி எடுக்கச் சொன்னான் எலக்ட்ரீஷியன். அப்புறம் பாத்துக்கலாம்னு நான்தான் சொன்னேன். நாளைக்குக் காலையில அவனை வரச் சொல்லு. முதல்ல அந்தக் குழியை எடுப்போம்."